கையில் ஏறாத கிளி

கைவிடப்பட்ட கிளி ஒன்றை எடுத்து வளர்க்க முன்வருகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "எப்போது கையில் வந்து உட்காரும்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. மதுரை மீனாட்சியின் கையிலும் கிளி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பல வீடு மாறி வந்த கிளிக்கு மனிதக் கை என்னவாகத் தெரியும்? கூண்டுக்குள் நுழைந்து அமுக்கிப் பிடித்தது ஒரு கை. றெக்கையைக் கத்தரித்தது ஒரு கை. அலகைத் திறந்து மருந்து ஊற்றியதும், அட்டைப்பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றியதும் கைகளே. அந்தக் கையையே நம்ப வைப்பதற்கு இன்று பல நாடுகளிலும் பரவலாகக் கையாளப்படும் முறை ஒன்று உண்டு: தின்பண்டத்தைப் பரிசாக வைத்து, கிளியின் விருப்பத்துக்கு இடம்விட்டு, படிப்படியாக நெருங்குவது. நல்ல முறை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைப் பற்றிப் பேசப்படும் பெருமைகளில் பாதியின் மேல்தான் சந்தேகம்.

இந்த முறை பெரும்பாலும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காக்கட்டூ, மக்காவ், அமேசான் கிளி போன்ற பெரிய கிளிகளைச் சுற்றி வளர்ந்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளியின் கதை வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன். சாம்பல் கிளியை எடுத்துக்கொள்வோம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து லட்சக்கணக்கில் பிடித்து விற்கப்பட்டு, கடைசியில் 2016இல் ஜோகன்னஸ்பர்கில் கூடிய சைட்டிஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் மாநாட்டில், பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட உயிரினங்களின் முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்ட பறவை அது. கூண்டிலேயே பிறந்த குஞ்சுகள் இன்றும் கைமாறுகின்றன; சென்னையிலும் கோவையிலும் வசதியான வீடுகளின் வரவேற்பறைகளில் இருக்கின்றன. நன்றாகப் பராமரித்தால் 40 முதல் 60 ஆண்டு வாழக்கூடியது. அத்தனை ஆண்டுகளுக்குள் ஒரு மனிதருக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், வெளிநாட்டு விசா வரும், மூட்டுவலியும் வரும். அந்தத் திருப்பங்களில் ஏதோ ஒன்றில் கிளி வேறு வீட்டுக்குப் போகிறது.

இதில் அலெக்ஸுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் செல்லப்பிராணிக் கடை ஒன்றில் வாங்கிய சாம்பல் கிளி அது. 2007இல் இறக்கும்வரை நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லி ஆய்வாளர்களை வியக்கவைத்தது. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பேச்சுத்துணைக்கு ஆசைப்பட்டுக் கிளி வாங்கியவர்கள் ஏராளம். அலெக்ஸோடு நாள்முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது காணொளியில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

கைமாறி வந்த கிளி கூண்டின் மேல்மூலையில் ஒட்டிக்கொள்கிறது. யாராவது அருகே போனால் நாய்க்குட்டிபோல் உறுமுகிறது. சாம்பல் கிளி பயந்தால் உறுமும் என்பது தெரியாத புது வீட்டார் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் நெருங்கினால் கம்பிகளில் மோதி விழுகிறது. சிலவற்றுக்கு மார்பில் இறகே இருக்காது; தானே பிடுங்கிப்போட்டிருக்கும். கிளி வேட்டையாடும் விலங்கல்ல, வேட்டையாடப்படும் பறவை. தலையைத் திருப்பாமலே ஏறக்குறையச் சுற்றுமுற்றும் பார்க்கும்படி கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதே அதற்காகத்தான். முகத்துக்கு நேரே இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்த்தபடி மேலிருந்து கையை நீட்டும் மனிதர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், கிளியின் உடம்பு அவரைப் பருந்தின் கணக்கில்தான் வைக்கும்.

பழைய முறை இதை மனிதருக்கும் கிளிக்கும் இடையிலான போட்டியாகப் பார்த்தது. வீட்டில் யார் பெரியவர் என்பதைக் கிளிக்குப் புரியவைக்க வேண்டும். கடித்தால் கையை எடுக்கக்கூடாது. கையுறை மாட்டிக்கொண்டோ துண்டைப் போர்த்தியோ பிடித்து, பயம் தெளியும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். றெக்கையை வெட்டிவிட்டால் வேலை சுலபம். இந்த அறிவுரைகள் இன்னும் செத்துப்போகவில்லை. பறவை விற்கும் கடைகளில் இலவசமாகவே கிடைக்கும். அவை பிழைத்திருப்பதற்குக் காரணம், பார்வைக்குப் பலன் தருவதுதான். துண்டில் அரைமணி நேரம் திமிறிய கிளி பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும். கையில் வைத்தால் இறங்காது. தலையைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்ளும். "பழகிவிட்டது" என்பார்கள்.

அந்தச் சும்மா இருத்தல் என்ன என்பதற்கு விளக்கம் வேறொரு விலங்கிடமிருந்து கிடைத்தது. 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து நடத்திய சோதனை உளவியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தன்னால் நிறுத்தவே முடியாத மின்னதிர்ச்சியைப் பட்டு வந்த நாய்கள், பிறகு தாண்டித் தப்பிக்க வழி இருந்தபோதும் தாண்டாமல் படுத்துவிட்டன. எது செய்தும் பயனில்லை என்பதை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். சுமார் ஐம்பது ஆண்டுக்குப் பின், 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப் படுப்பதுதான் உடம்பின் இயல்பான எதிர்வினை. அதைக் கற்கத் தேவையில்லை. நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். கிளி பழக்குகிறவர்கள் அதிகம் பேசாத இந்தத் திருத்தம், என் பார்வையில், முழு விவகாரத்துக்கும் சாவி. பயந்த கிளிக்குக் கற்றுத்தர வேண்டியது மனிதரின் அன்பை அல்ல. தான் ஏதாவது செய்தால் ஏதாவது நடக்கும் என்பதை.

பழைய முறைக்கு எதிராக உடல் ரீதியான காரணமும் இருக்கிறது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்துதான் காற்றுப்பைகளுக்குள் காற்று போய்வருகிறது. மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் கிளி மூச்சுமுட்டிச் சாகலாம். திமிறும் கிளியை அடக்கப் பிடியை இறுக்குவது எவருக்கும் வருகிற அனிச்சை என்பதால் இது வெறும் பாடப்புத்தக எச்சரிக்கை அல்ல. றெக்கையை வெட்டுவதும் இதே ரகம். கிளிக்கு முதல் தற்காப்பு விலகிப் பறப்பது. அதைப் பறித்துவிட்டால் கையில் மிஞ்சும் ஆயுதம் அலகு. பறக்க முடியாதபடி செய்துவிட்டுக் கடிக்கிறது என்று குறைசொல்வது என்ன நியாயம்?

புதிய முறையின் வேர் கிளிகளிடம் இல்லை. முயலுக்குப் பயந்த ஒரு குழந்தையிடம் இருக்கிறது. உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வில் பீட்டர் என்ற, தொடக்கத்தில் மூன்று வயது நிரம்பாத பையன் வருகிறான். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறையின் தூர மூலையில் கூண்டோடு முயலை வைத்தார்கள். அவன் சாப்பாட்டை நிறுத்தாத தூரம் எதுவோ அதுவரைதான் முயல் வரும். மெல்ல மெல்லத் தூரம் குறைந்தது. கடைசியில் பையன் முயலைத் தடவினான், அது விரலைக் கொறிக்கவும் விட்டான். நடுவில் அவனுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் கிடந்து, திரும்பும் வழியில் பெரிய நாயொன்று பாய்ந்து பயமுறுத்த, பயம் பழைய நிலைக்கே போனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பின்வாங்கல்களையும் மறைக்காமல் எழுதிய ஆய்வு அது. ஜோன்ஸ் இன்னொன்றையும் எச்சரித்தார்: அவசரப்பட்டால் விளைவு எதிராகிவிடும், முயலின் மேலிருக்கும் பயம் சாப்பாட்டின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். கிளி வளர்ப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

கிளிக்கு இது எப்படி நடக்கிறது? கூண்டை அறையின் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, ஆள் நடமாட்டம் தெரியும் இடத்தில், மனிதரின் கண்மட்டத்துக்கு வைக்கிறார்கள். முதல் சில நாட்கள் தண்ணீரும் தீனியும் மாற்றுவதைத் தவிர வேறெதுவும் கிடையாது. பிறகு ஒருவர், கிளி உடம்பை இறுக்காத தூரத்தில், பக்கவாட்டில் திரும்பி உட்காருகிறார். புத்தகம் படிக்கிறார், போனில் பேசுகிறார். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கலை. இறகுகள் உடம்போடு ஒட்டிக்கொள்வது, கழுத்து நீள்வது, கண்மணி சட்டென்று சுருங்கி விரிவது, தின்றுகொண்டிருந்தது நிற்பது ஆகியவை "போதும்" என்பதற்கான அடையாளங்கள். ஒற்றைக் காலில் நிற்பது, அலகை அரைப்பது, இறகு கோதுவது, உடம்பைச் சிலிர்த்து உதறிக்கொள்வது ஆகியவை பரவாயில்லை என்பதற்கு. வழியில் போகும்போது கிண்ணத்தில் ஒரு சூரியகாந்தி விதையைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். எடுக்கிறதா என்று எட்டிப்பார்ப்பது எல்லாவற்றையும் கெடுக்கும்.

பிறகு குச்சி. நீளமான குச்சியின் நுனியைக் கம்பிக்கு வெளியே காட்டி, கிளி அதைப் பார்த்தால் ஒரு விதை, பக்கம் வந்தால் ஒரு விதை, அலகால் தொட்டால் ஒரு விதை. சரியான நொடியைச் சுட்டிக்காட்டக் கிளிக்கர் என்ற சிறு கருவியையோ, "சபாஷ்" போன்ற ஒரே சொல்லையோ பயன்படுத்துகிறார்கள். குச்சியைப் பின்தொடரப் பழகிய கிளி கூண்டு வாசலுக்கு வரும், வாசலிலிருந்து தனி நிற்கும் கம்புக்கு வரும், எடை பார்க்கும் தராசில் ஏறும், பயணக் கூண்டுக்குள் தானே நுழையும். கடைசியாகத்தான் கை. அதுவும் விரலை வயிற்றுக்கு எதிரே நீட்டித் தள்ளுவதில்லை. சற்றுத் தள்ளி நிறுத்திக் காத்திருப்பது. வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்த முறையின் முதல் பலம், கிளியின் உடலைப் படிக்க மனிதரைக் கட்டாயப்படுத்துவது. பரிசு கொடுக்க வேண்டிய நொடி எது என்று பார்த்துக்கொண்டிருப்பவர் வேறு வழியின்றிக் கண்மணியையும் இறகையும் பாதத்தையும் கவனிக்கத் தொடங்குகிறார். கிளிக்குப் பாடம் நடக்கிறதோ இல்லையோ, அவருக்கு நடந்துவிடுகிறது. இரண்டாவது, வைத்தியத்துக்கு உதவுவது. கிளி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். எடை குறைவதுதான் பல நேரம் முதல் தடயம். தினமும் தானாகத் தராசில் ஏறும் கிளி சீக்கிரம் காப்பாற்றப்படும். மூன்றாவது, தவறினால் இழப்பு சிறியது. ஓர் அடி முன்னால் வைத்தது தவறு என்றால் இரண்டடி பின்னால் போகலாம். துண்டால் அமுக்கிப் பிடித்த தவறுக்கு அப்படிப் பின்னால் போக முடியாது.

சரி, குறைகளுக்கு வருவோம். நம் தெருக்களில் இதே முறை பல தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது, கிளி ஜோசியத்தில். ஜோசியர் சிறிய மரக்கூண்டின் கதவைத் திறக்கிறார். கிளி வெளியே நடந்து வருகிறது. அடுக்கியிருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. ஒரு நெல்மணி கிடைக்கிறது. திரும்பித் தானே கூண்டுக்குள் போகிறது. அடி இல்லை, அதட்டல் இல்லை, பரிசு உண்டு, தானாக நடந்து வருகிறது, தானாகத் திரும்பிப் போகிறது. பயிற்சியின் இலக்கணப்படி பார்த்தால் கச்சிதமான வேலை. ஆனால் அந்தக் கிளியின் றெக்கை வெட்டப்பட்டிருக்கும். உடம்பு திரும்பவே இடமில்லாத கூண்டுதான் அதற்கு வீடு. மணி கிடைக்கும் வழி அது ஒன்றுதான். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டெடுத்துக் கொடுத்ததை ஒட்டி, ஜோசியர் வைத்திருந்த கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது. (வேட்பாளர் தோற்றார், அது கிளியின் குற்றமல்ல.) பரிசு கொடுத்துப் பழக்கினாலே அது அன்பான முறை, கிளி நம்புகிறது என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்தக் காட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும். பரிசு வேறு, தேர்வு வேறு. வேறு வழி இல்லாத உயிர் பரிசுக்காகச் செய்வதை நம்பிக்கை என்று சொல்ல முடியாது.

வீடுகளில் இது நாசூக்காக நுழைகிறது. பயந்த கிளி மனிதர் பார்க்கும்போது எதையும் தின்னாது. அப்போது கேட்கக் கிடைக்கும் அறிவுரை, "காலையில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், பசித்தால் கையில் வாங்கிக்கொள்ளும்" என்பது. பறவைக் காட்சிகள் நடத்துபவர்களும் வல்லூறு பழக்குபவர்களும் எடையை கிராம் கணக்கில் பார்த்துப் பசியை நிர்வகிப்பது பழைய வழக்கம். அவர்களுக்கு அனுபவம் உண்டு, தராசு உண்டு. நோயும் பட்டினியும் தெரியாமல் வந்து சேர்ந்த கிளியை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண வீட்டில் அதைச் செய்வது ஆபத்து. அறத்தின் கணக்கிலும் அது பழைய முறைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. துண்டுக்குப் பதில் பசி.

உண்மையில் மிகவும் பயந்த கிளிக்கு விதையைவிட உயர்ந்த பரிசு ஒன்று இருக்கிறது: நாம் விலகிப் போவது. கிளி ஒரு நொடி உடம்பைத் தளர்த்தியதும் இரண்டடி பின்னால் போனால், தளர்ந்தால் ஆள் போய்விடுகிறார் என்பது அதற்குத் தெரிகிறது. அலறாமல், மோதாமல், கடிக்காமல் ஆளை நகர்த்தும் சக்தி முதல்முறையாகக் கிடைக்கிறது. செலிக்மனும் மேயரும் சொன்ன கட்டுப்பாடு இதுதான். எல்லாவற்றுக்கும் தின்பண்டம் என்று ஓடும் பயிற்சிக் காணொளிகள் இதை அரைநிமிடத்தில் தாண்டிப் போகின்றன. விலகிப் போவதைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்?

பாராட்டு யாருக்குச் சேர வேண்டும் என்பதிலும் எனக்கு வழக்கு உண்டு. ஒரு கிளி சில மாதங்களில் தெளிந்துவிட்டால் பயிற்சி வென்றது என்கிறோம். அதே மாதங்களில் அதற்குப் பெரிய கூண்டு கிடைத்திருக்கிறது. விதை மட்டும் தின்றது போய்ப் பழமும் கீரையும் கிடைத்திருக்கின்றன. இரவில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைத்திருக்கின்றன. கடித்துக் குதற மரக்கட்டை கிடைத்திருக்கிறது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆரஞ்சு றெக்கை அமேசான் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வில் (2002), தீனியைத் தேடி எடுக்கும் ஏற்பாடுகளும் ஏறி விளையாடப் பொருள்களும் உள்ள கூண்டில் வளர்ந்த இளங்கிளிகள், வெறுங்கூண்டில் வளர்ந்தவற்றைவிடப் புதிய பொருள்களுக்குக் குறைவாகவே பயந்தன. அங்கே யாரும் குச்சி காட்டவில்லை, விதை நீட்டவில்லை. கூண்டை மாற்றினாலே பயத்தின் ஒரு பகுதி போகும் என்றால், அந்தப் பகுதியைப் பயிற்சியாளரின் கணக்கில் எழுதக்கூடாது. பல வீடுகளில் கேட்கிற கதையும் இதற்குத் துணை: மாதக்கணக்கில் குச்சியும் விதையுமாக உட்கார்ந்த பையனை விட்டுவிட்டு, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியின் தோளில் கிளி போய் உட்காரும். பாட்டி அதனிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. கதைகளை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் இந்தக் கதை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பது கவனிக்கத்தக்கது.

மருந்து கொடுக்கும் பிரச்சினைக்கு இந்த முறையிடம் நேர்மையான பதில் கிடையாது. கிளிக்கு இன்றைக்கே, நாளைக்கு இருவேளை, சிரிஞ்சில் மருந்து ஊற்றியாக வேண்டும். அது சம்மதிக்கும்வரை காத்திருந்தால் செத்துப்போகும். முன்கூட்டியே சிரிஞ்சில் பழச்சாறு கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும் என்பார்கள். வந்து நான்கு நாள் ஆன கிளியிடம் ‘முன்கூட்டி’ என்பதற்கு என்ன பொருள்? துண்டு தேவைப்படும் நேரங்கள் உண்டு. அப்போது முதுகுப்பக்கமிருந்து தலையின் இருபுறத்தையும் பிடித்து, மார்பை இறுக்காமல், வேகமாக வேலையை முடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். முடிந்தால் அவர் பழக்குகிறவராக இருக்கக்கூடாது. ஒருபோதும் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மேடையேறிப் பேசுபவர்கள் இந்த ஒரு பத்தியையும் சேர்த்துச் சொன்னால், வீட்டில் மருந்துப் புட்டியோடு நிற்பவர் குற்றவுணர்ச்சியில் மருந்தை நிறுத்தாமல் இருப்பார்.

வென்ற பிறகு வரும் சிக்கல் இன்னும் பெரியது. பயந்த கிளி ஒருவரை நம்பத் தொடங்கினால் அவரை மட்டுமே நம்புவது சாதாரணம். அவர் அறையை விட்டுப் போனால் கத்துகிறது. அவருக்குப் பக்கத்தில் வருகிறவரைக் கடிக்கிறது. அவரும் பெருமையில் முதுகையும் றெக்கைக்கு அடியையும் தடவிக்கொடுக்க, கிளியின் உடம்பு அவரை இணையாகவே எடுத்துக்கொள்கிறது; பிறகு கூடுகட்ட இருட்டு மூலை தேடுவதும், உமிழ்ந்து ஊட்டுவதும், ஏமாற்றத்தில் இறகைப் பிடுங்குவதும் தொடங்கும். இவ்வளவும் "பாசம்" என்ற பெயரில் படமெடுத்துப் பகிரப்படுகிறது. சாம்பல் கிளிகளின் குரோமோசோம் முனைகளான டெலோமியரை அளந்து 2014இல் ஆஸ்திரியாவிலிருந்து வெளியான ஆய்வு, தனியாக வைக்கப்பட்ட கிளிகளுக்கு அது, இணையோடு வாழ்பவற்றைவிடக் குட்டையாக இருந்ததைக் காட்டியது. டெலோமியர் சீக்கிரம் குறுகுவது உடல் அனுபவிக்கும் அழுத்தத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. மனித நட்பு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் கிளிக்குக் கிளி வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் முன்னாள் படைவீரர் மருத்துவ வளாகத்தில் 2005இல் தொடங்கிய செரினிட்டி பார்க், கைவிடப்பட்ட கிளிகளையும் போரில் மனம் உடைந்த வீரர்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பெயர் பெற்றது. அங்கே வீரர்கள் வேலை முடிந்து போன பிறகும் பக்கத்தில் வேறு கிளிகள் இருந்தன. நம் அடுக்குமாடி வீட்டில் ஆபீஸுக்குப் போன பிறகு என்ன இருக்கிறது? டி.வி.

இனிப் பச்சைக்கிளி. சந்தையில் வாங்கியோ, மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்தோ வளர்க்கப்படும் இந்தப் பறவைக்கு மேலே சொன்ன முறை, எவ்வளவு அன்பாகச் செய்தாலும், பொருந்தாது. இந்தியப் பறவைகளின் வணிகம் 1990–91 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருப்பதே குற்றம். மீட்கப்பட்ட கிளி மறுபடி பறக்கக்கூடியதென்றால், அதற்கு மனிதர் மேல் இருக்கும் பயம்தான் வெளியில் அதன் உயிரைக் காக்கப் போகிறது. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தட்டை, குளிர் என்ற கருவிகளும் கவணும் கொண்டு தினைப்புனத்திலிருந்து விரட்டிய காலத்திலிருந்தே கிளிக்கு நம்மிடம் எச்சரிக்கையாக இருக்கக் காரணம் உண்டு. அதைப் பாசத்தின் பேரில் அழித்துவிட்டு விடுவித்தால், அடுத்த தெருவில் யாராவது எளிதாகப் பிடித்துக் கூண்டில் போடுவார்கள். பூனை அதற்கும் முந்தலாம். மீட்பு மையங்கள் இத்தகைய கிளிகளோடு பேசாமல், முகம் காட்டாமல், மற்றக் கிளிகளோடு பெரிய பறப்புக் கூண்டில் விடப் பார்ப்பது இரக்கமின்மை அல்ல.

பச்சைக்கிளியின் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருந்தது. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்து வந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பின் மொட்டைமாடியில் பலகைகளைக் கட்டிச் சோறு வைக்கத் தொடங்கினார். வந்த கிளிகள் ஆயிரக்கணக்கில். ஒன்றும் அவர் தோளில் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. தின்றன, சண்டை போட்டன, இருட்டுவதற்குள் பறந்துபோயின. கூட்டமாகப் பறவைக்குச் சோறு போடுவதில் நோய் பரவும் ஆபத்து போன்ற ஆட்சேபங்கள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. இங்கே எனக்கு வேண்டியது வேறு: நினைத்த நொடி விலகிப் பறக்கக்கூடிய பறவைகள் தினமும் திரும்பி வந்தன.

வீட்டுக்கிளிக்கும் அளவுகோல் அங்கேதான் இருக்கிறது. கையில் ஏறியதா என்பது நம் ஆசையின் அளவுகோல். கிளி எப்படி மறுக்கிறது என்பதைப் பார்ப்பது மேல். முன்பு ரத்தம் வரக் கடித்து மறுத்தது, இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுக்கிறது என்றால் முன்னேற்றம் பெரியது. அந்த முகத்திருப்பலை நாம் மதித்துக் கையை எடுப்போம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கையில் ஏறாமல், கூண்டுக்கு மேலே நின்று, நம் பக்கத்தில் கண்ணை மூடித் தூங்கும் கிளியைத் தோல்விக் கணக்கில் எழுதும் எந்த முறையும் என்னைப் பொறுத்தவரை பாதி முறைதான். பரிசு கொடுத்துப் பழக்குவது இருக்கிற முறைகளில் சிறந்தது. ஆனால் கூண்டின் கதவு திறந்திருக்க வேண்டும், கிண்ணத்தில் தீனி நிறைந்திருக்க வேண்டும், பக்கத்தில் இன்னொரு கிளியின் குரலாவது கேட்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அது நெல்மணிக்குச் சீட்டெடுக்கும் வேலைதான்.

கிளியை ஏற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான்கு வேண்டுகோள். பச்சைக்கிளி கிடைத்தால் பழக்காதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சாம்பல் கிளி போன்ற அயல்நாட்டுப் பறவை என்றால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அது உங்களுக்குப் பின்னும் இருபது ஆண்டு இருக்கக்கூடும் என்பதால், உங்கள் கையில் ஏறத் தொடங்கிய அந்த வாரத்திலேயே வீட்டில் இன்னொருவரையும் அதன் பக்கத்தில் உட்காரப் பழக்குங்கள். அது எதற்குப் பயப்படும், எதை விரும்பித் தின்னும், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்லும் என்று ஒரு தாளில் எழுதிக் கூண்டோடு வையுங்கள்.